சர்க்கரை போடாத காப்பி

டெல்ஃப்ட், ஹாலந்து
5.11.1963

அன்புள்ள அப்பாவுக்கு அழகிரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? குளிர் எனக்குப் பழகிவிட்டது, கவலை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவின் கூடத்தில் அக்கம்பக்கத்தார் கூடி, ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தைப் பற்றிய ஒரு புது நாவலை அலசினார்கள். அதில் காட்டிக்கொடுத்தது யார் என்று ஒரே சண்டை. எனக்கு ஒருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டுக்காரம்மா, "பஞ்சத்தில் சர்க்கரை காய்ச்சும் பீட் கிழங்கைத் தின்றோம் என்று எழுதியிருக்கிறார், சரி. கசந்தது என்கிறாரே, அதுதான் தப்பு. தித்தித்தது. அதனால்தான் இன்றைக்கும் என்னால் காப்பிக்குச் சர்க்கரை போட முடியவில்லை" என்றார். சண்டை நின்றுவிட்டது.

எனக்கு உங்கள் நினைவு வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் இருந்ததைப் பற்றி நீங்கள் எங்களிடம் பேசியதேயில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்த மரவள்ளிக்கிழங்கை அம்மா சமைத்த அன்று மட்டும் இலையைவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். "அவரை ஒண்ணும் கேக்காதடா" என்றாள் அம்மா.

"உங்கள் ஊரில் எப்படி?" என்று என்னையும் கேட்டார்கள். நான் சொன்னால் ருசி தப்பாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தமிழ்ப் பேப்பரில் சுற்றச் சொல்லுங்கள், பழசானாலும் படிப்பேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். அதைப் பற்றி எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால், கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

உங்கள்
அழகிரி