பதினேழாம் எலிக்குப் பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய்

குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் எலிக்காக வெளியே இருக்கும் இன்னொரு எலி ஏன் கதவைத் திறக்கிறது? இரக்கமா, அதன் தவிப்பைப் பார்க்கப் பொறுக்காமலா? பதினோரு வருடமாக இதே ஆய்வு. எனக்குத் தெரியாது. மாணவர்கள் முன்னால் தெரிந்தாற்போல் பேசுகிறேன், அவ்வளவுதான்.

இன்று பதினேழாம் எலி ஒரு மணி நேரமாகியும் திறக்கவில்லை. பூஜ்யம் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அத்தான் போன் செய்தார். "ஆஸ்பத்திரியில சேர்த்து இருபது நாளாச்சு. இன்னும் எத்தனை நாளோ. உன்னைத்தான் தினம் கேக்குறா. நீ அனுப்புற பழத்தைத் தின்னவா உங்க அக்கா படுத்திருக்கா?"

இப்படிப் பேசுகிறவர் இல்லை அவர். வேலை இருக்கிறது என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கூண்டு கழுவும் பெண் பதினேழாம் எலியின் வீடியோவை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இதுக்கா மேடம் முட்டை போட்டீங்க? குழாயையே சுத்திச் சுத்தி வருது. கிட்ட போனா வெடவெடன்னு நடுங்குது. பயந்தாங்கொள்ளி மேடம், கல்நெஞ்சு இல்ல."

"கதவு திறந்துச்சா இல்லையா, எனக்கு அதுதான் கணக்கு."

திரையை இன்னொரு தரம் பார்த்தாள். "அதுவும் சரிதான். உள்ள கிடக்குறதுக்கு இதோட பயமா தெரியப்போகுது?"

பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வார்டு வாசல்வரை போனேன். கதவுக் கண்ணாடியில் அக்காவின் பாதங்கள் தெரிந்தன – வீங்கி, யாருடையவையோ போல. அம்மாவின் கடைசி வாரத்தில் மலமும் மூத்திரமும் அள்ளியது அவள். நான் பரீட்சை என்று விடுதியிலேயே இருந்துகொண்டேன். பரீட்சை முன்பே முடிந்திருந்தது. அவளுக்கு அது தெரியும். இதுவரை கேட்டதில்லை.

திரும்பி வந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்? நாளைக்குப் போகணும். போவேனா?

மார்ச் 9, திங்கள்

போனேன். கட்டிலருகே நின்றதும் அழுதுவிட்டேன்.

"ஏண்டி இப்படி இளைச்சுட்ட?" என்றாள் அக்கா. ஊசி ஏறாத கையால் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தப் பார்த்தாள். தெம்பில்லை. டம்ளர் சாய்ந்து படுக்கை நனைந்தது.

"பாக்க வந்தீங்களா, பேஷண்ட்டை வேலை வாங்க வந்தீங்களா?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள். விரிப்பை மாற்றி முடிக்கும்வரை அக்காவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

கனமே இல்லை.