பதினெட்டு அங்குலச் சுவர்

அல்சூர்,
9.8.1999

திரு. ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் எழுதுவது. நாம் பேசிக்கொள்வதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். பதில் இருந்தால் அதையும் தபாலிலேயே அனுப்பவும். என் மனைவி காந்தாவும் உங்கள் பிரிஜெட்டும் துணிக்கொடியடியில் பேசிக்கொள்வது அவர்கள் பாடு. அவர்கள் வாய் வழியாக எனக்குச் செய்தி வேண்டாம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே கருங்கல் சுவர். அதில் என் பக்கம், நிலவறைத் தரையிலிருந்து ஹால் ஜன்னல் வரை விரிசல் ஓடியிருக்கிறது. நிலவறையில் கணுக்கால் அளவு தண்ணீர். போன வருடம்தான் என் பக்கம் முழுக்க வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் பூசினேன். அப்படியும் தண்ணீர் வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

என்ஜினீயர் உத்தமன் வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி, தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் இரண்டு குடும்பமும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். இரண்டு குடும்பமும் என்று அவர் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
மா. முனிகிருஷ்ணன்
ஃபிட்டர் (ஓய்வு)


அல்சூர்,
14.8.1999

அன்புள்ள முனி,

உன் கடிதம் கிடைத்தது. நீ தெருமுனைப் பெட்டியில் போட்டது ஜி.பி.ஓ. போய், முத்திரை குத்திக்கொண்டு, திரும்ப அல்சூர் வந்து நான்காம் நாள் என் கையில் சேர்ந்தது. முப்பத்திரண்டு வருடம் தபால் பிரித்தவன் நான். பதினெட்டு அங்குலத்தைக் கடக்க இவ்வளவு தூரம் சுற்றிய கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். முன்பெல்லாம் நிலவறைச் சுவரில் இரும்பால் மூன்று தட்டு தட்டினால் போதும், சீட்டுக்கட்டோடு வந்து நிற்பாய்.

சுவர் என் பக்கமும் சரியில்லை. இடுப்பு உயரத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. நானும் பார்த்துப் பார்த்து, பார்க்காத மாதிரி இருந்தேன்.

எனக்கு இப்போது ஒரே குடைச்சல், இந்தத் தண்ணீர் யார் என்று தெரிந்தாக வேண்டும். கார்ப்பரேஷன் குழாயா, சாக்கடையா, மழையா? நீ ஒரு காரியம் செய். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பார். முள் அசைந்தால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. நானும் பார்க்கிறேன்.

இன்னொன்று. எட்டு வருடமாக நீ என்னிடம் பேசுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கே அதைச் சொல்லத் தோன்றினால் சொல்.

உன் பழைய நண்பன்,
ஆம்ப்ரோஸ்


அல்சூர்,
23.8.1999

திரு. ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

அரை மணி என்றீர்கள். ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முள் இம்மியும் அசையவில்லை. குழாய்த் தண்ணீர் இல்லை.

சாக்கடையும் இல்லை. பாட்டிலில் பிடித்து மூடி, இரண்டு நாள் கழித்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. நாக்கில் ஒரு சொட்டு விட்டும் பார்த்தேன், சுண்ணாம்பு ருசி. அதைக் காந்தா பார்த்துவிட்டாள். “சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு, இந்தப் பக்கம் ஒரு ஆளு, நடுவுல தபால்காரன். நல்லா இருக்குது உங்க கூத்து” என்றாள்.

மழை பெய்த மறுநாள் அதிகம் வருகிறது. ஆகையால் மழைத் தண்ணீர்தான். ஆனால் யார் வீட்டு மழை? சாப்பிடும்போதும் இதே யோசனையாக இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது வழி தோன்றினால் எழுதவும்.

தண்ணீரைத் தவிர மற்ற விஷயங்களை எழுத வேண்டாம்.

மா. முனிகிருஷ்ணன்


அல்சூர்,
5.9.1999, ஞாயிறு

அன்புள்ள முனி,

சுண்ணாம்பு ருசி என்று எழுதினாயே, அது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் சுவரின் சாந்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

இன்று சர்ச்சிலிருந்து வந்ததும், என் மொட்டைமாடித் தண்ணீர் விழும் பின்கட்டுக் குழியில் ஒரு பாக்கெட் சலவை நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டேன். பின்னாலேயே நான்கு வாளித் தண்ணீர். பிரிஜெட்டுக்கு என் வெள்ளைச் சட்டையைப் பற்றித்தான் கவலை. தினமும் உன் பக்கச் சுவரைப் பார்த்து வை. நீலம் வந்தால் பழி என் மேல்தான். வரட்டும், தெரியாமல் இருப்பதற்கு அது தேவலை.

ஆம்ப்ரோஸ்


அல்சூர்,
14.9.1999

திரு. ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

வந்தது. உங்கள் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் காலை, தரையிலிருந்து மூன்றாவது கல் வரிசையில் என் சிமென்ட் வெடித்திருக்கும் இடத்தில், நூல் மாதிரி நீலம். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சந்தோஷம் அதோடு சரி. திரும்பிப் பார்த்தால் கண்ணாடித் துண்டு இரண்டாக இருக்கிறது.

உத்தமன் உடனே வந்தார். என் பூச்சில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தார். உள்ளே இருந்த சாந்து களி மாதிரி கையோடு வந்தது. கட்டினவன் கெட்டிக்காரன், சுவருக்கு அடியில் கல்லால் வாய்க்கால் விட்டு, இரண்டு நிலவறையிலும் அதற்குத் துளைகள் வைத்திருக்கிறான். சுவரில் ஊறும் தண்ணீர் துளை வழியாக இறங்கி வாய்க்காலில் தெருவுக்குப் போய்விடும். அந்தத் துளைகள் இப்போது இரண்டு பக்கமும் அடைபட்டு, தண்ணீர் நடுச்சுவரில் நிற்கிறது. என் பக்கம் போன வருடம் நான் அடைத்தது. சாந்து கரைந்திருப்பதைப் பார்த்தால், உங்கள் பக்கம் அதற்கும் பல வருடம் முன்பே அடைபட்டிருக்கிறது என்கிறார்.

புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார். மூன்று வாரத்துக்குள் இரண்டு பக்கமும் உடைத்துத் திறந்தால் சுவர் பிழைக்கும். இந்தக் கண்ணாடியும் உடைந்தால் மூன்றாவது ஒட்ட வரமாட்டாராம்.

உங்கள் பக்கம் எப்போது அடைத்தீர்கள்?

மா. முனிகிருஷ்ணன்


அல்சூர்,
18.9.1999

அன்புள்ள முனி,

மேஸ்திரி கோவிந்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். திங்கள் 27ஆம் தேதி என் பக்கம் உடைக்க ஆரம்பிக்கிறார். என் பக்கத்தை அடைத்தவரும் அவர்தான்.

உன் கேள்விக்குப் பதில். 1991 டிசம்பர் முதல் வாரம். வாணியம்பாடியில் உன் தங்கை மகள் கல்யாணத்துக்கு நீங்கள் போயிருந்தீர்கள். அந்தச் சமயம் பார்த்து, என் நிலவறையில் ஈரம் தாங்காமல், அந்தச் சுவரை ஒட்டி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் தார் பூசி, மேலே சிமென்ட் பூசிவிட்டேன். கோவிந்தப்பா அப்போதே சொன்னார், “ஈ நீரு ஆ கடே ஹோகுத்தே சார்” என்று. இந்தத் தண்ணீர் அந்தப் பக்கம் போகும், அதாவது உன் பக்கம். தெரிந்தேதான் கட்டினேன். நீ ஊரில் இருந்தால் விடமாட்டாய் என்றுதான் நீ இல்லாத நேரம் பார்த்தேன்.

நீ திரும்பி வந்தாய். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுக்கவில்லை. தெரிந்துகொண்டுவிட்டாய் என்று புரிந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. நீயாகத் திட்டினால் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். நீ திட்டவே இல்லை. எட்டு வருடம் ஓடிவிட்டது.

என்னை மன்னித்துவிடு.

ஆம்ப்ரோஸ்


அல்சூர்,
22.9.1999

ஆம்ப்ரோஸ்,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். செங்கல் சுவரைப் பற்றி எனக்கு இத்தனை வருடம் எதுவும் தெரியாது. தண்ணீருக்காக நான் பேச்சை நிறுத்தவில்லை.

நாங்கள் கல்யாணம் முடிந்து வந்தது டிசம்பர் 11 சாயங்காலம். மறுநாள்தான் காவேரிக் கலவரம். தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல் வருகிறது என்று மத்தியானம் யாரோ சொல்லிப் போனார்கள். நான் முன்கதவை வெளியே பூட்டி, பின் சந்து வழியாக உள்ளே வந்து, காந்தாவோடு நிலவறையில் இறங்கிவிட்டேன். அங்கே தூசியில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. மூச்சுக்கு அடிக்கும் பம்ப் காலி. நர்ஸ் பிரிஜெட் வீட்டில் எப்போதும் மருந்து வைத்திருப்பார் என்று தெரியும். வெளியே போகப் பயம். குழவிக்கல்லால் சுவரைத் தட்டினேன். மூன்று மூன்றாக, இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பிழைத்தது அவள் ஆயுசு கெட்டி. கடைசியில் அந்தக் கும்பல் நம் தெருவுக்கு வரவே இல்லை.

உன் பெயர் ஆம்ப்ரோஸ், உன் வீட்டைத் தமிழன் வீடு என்று யாரும் அடையாளம் சொல்ல முடியாது, அதனால் எங்கள் தொடர்பே வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டாய் என்று நினைத்தேன். காந்தாவிடம் இதைப் பற்றிப் பிரிஜெட்டிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

ஒன்றே ஒன்று சொல். அன்றைக்கு மத்தியானம் நீ எங்கே இருந்தாய்?

முனி


அல்சூர்,
25.9.1999

முனி,

அங்கேதான் இருந்தேன். நானும் பிரிஜெட்டும், புதுச் செங்கல் சுவரில் சாய்ந்துகொண்டு, ரேடியோவைச் சின்னதாக வைத்து உட்கார்ந்திருந்தோம். உன் வாசலில் பூட்டைப் பார்த்தேன். நல்லவேளை, வாணியம்பாடியிலேயே இருக்கிறார்கள் என்று பிரிஜெட்டிடம் சொன்னேன். ஊரில் இருந்தால் முனி தட்டியிருப்பான் என்றும் சொன்னேன்.

பிரிஜெட்டுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உடனே பின்கட்டுக்குப் போய்விட்டாள். துணிக்கொடியடியில் இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது அங்குலம், தார், சிமென்ட். அதைத் தாண்டி நீ தட்டியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. உனக்குத் தெரியாமல் கட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், ஆனால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்காமல் என் பின்கதவுக்கு ஓடி வந்திருப்பாய். காந்தா முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்?

கோவிந்தப்பா உடைத்து முடிக்க ஒரு வாரம் ஆகும். முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன். அப்போது தட்டு. உனக்கு மனம் இருந்தால்.

ஆம்ப்ரோஸ்


நிலவறை,
3.10.1999, ஞாயிறு, பகல் 11 மணி

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

இதற்குத் தபால்தலை இல்லை. என் பூச்சையும் பெயர்த்தாகிவிட்டது. மூன்றாவது கல் வரிசையில், முழங்கை நுழைகிற அளவுக்குச் சாந்து கரைந்த இடத்தில் உன் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. நாளை கோவிந்தப்பா இந்த ஓட்டையை மட்டும் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடுவார். அதற்குள் இதைக் குச்சியில் செருகி அந்த வழியாகத் தள்ளுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற சத்தம் நேற்றிலிருந்து கேட்கிறது. கண்ணாடி முழுசாக இருக்கிறது. இன்னும் ஒரு மழை பார்க்க வேண்டும் என்கிறார் உத்தமன். காந்தா உனக்குச் சொல்லச் சொன்னாள்: “எம் மூஞ்சில முழிக்க ரொம்ப யோசிக்க வேணாம், சாப்பாட்டுக்கு வந்து முழிங்க.”

நீ சொல்லியனுப்பியும் நான் தட்டாமல் எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ உன் தப்பைச் சொல்லிவிட்டாய், நான் என்னுடையதைச் சொல்லவில்லை. போன வருடம் நான் சிமென்ட் பூசியபோது வேலைக்கு வந்ததும் இதே கோவிந்தப்பாதான், தண்ணீர் அந்தப் பக்கம் போகும் என்று என்னிடமும் அதையேதான் சொன்னார். அந்தப் பக்கம் போகட்டும் என்றேன். அந்த ஆள் வீடு இடிந்தாலும் எனக்குக் கவலையில்லை என்றும் சொன்னேன். சுவர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. நீ உன் வீட்டைக் காப்பாற்றக் கட்டினாய். நான் உன் வீட்டைக் கெடுக்கப் பூசினேன்.

இதைத் தெரிந்துகொண்டபிறகும் நீ என்னோடு சீட்டாடுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. குழவிக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இந்த முறை நான் தட்டப்போவதில்லை.

படித்துவிட்டு நீ தட்டு.

முனி