ஏலக் குரல்

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

தொண்டைப் பேச்சை எடுத்தாலே "சிக்னல் இல்லைக்கா" என்று போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன். எழுத்தில் தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

உன் மாமா தொண்டைப் புற்றில் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. நேற்று லோடு டிரைவர் அண்ணன் வந்தார். உன் சந்தையில் தக்காளி இறக்கிவிட்டு வந்தாராம். "உன் தம்பி ஏலம் போடுறதக் கேட்டேம்மா. அப்படியே உன் வீட்டுக்காரர் குரல்! கரகரன்னு நாலு கடை தாண்டிக் கேக்குது" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு டீ போடப் போனவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் குரல் அப்படி இல்லையே ராசா. எப்போதிலிருந்து? டாக்டரிடம் காட்டு.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

ஏலக்காரன் தொண்டை குயில் மாதிரி இருந்தால் எவன் பெட்டியைத் தூக்குவான்? விடியும் முன்னே கத்த ஆரம்பிக்கிற தொண்டை இது. மாமாவுக்கும் கத்திக் கத்தித்தான் வந்தது. நான் அவர் மாதிரி தினமும் குடிப்பதில்லை. சிகரெட் மட்டும்தான், அதுவும் தூக்கம் வராமலிருக்க. துக்கத்தில் உனக்கு எல்லாம் பூதமாகத் தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

மார்ச் 21

தம்பி,

கத்தி வந்தது என்று இனி சொல்லாதே. மாமாவும் டாக்டரம்மாவிடம் அதையேதான் சொன்னார். "கத்தினா தொண்டை வீங்கும், புண்ணாகும். புற்று அதனால வராதுங்க. புகைதான் பெரிய காரணம். அதோட குடியும் சேர்ந்தா பல மடங்கு" என்றார் அந்தம்மா. புகையே தொடாத சிலருக்கும் வருமாம். கிருமியாலும், வேலை செய்கிற இடத்துத் தூசியாலும் வரலாமாம். மூன்று வாரம் குரல் கரகரத்தாலே காட்டிவிட வேண்டுமாம். நாங்கள் ஒரு வருஷம் தேனும் வெந்நீருமாக ஓட்டினோம். சந்தையில் எல்லோருக்கும் அதே குரல், யாருக்குச் சந்தேகம் வரும்?

குரல்வளையை எடுத்த பிறகு என்னைக் கூப்பிடக் கையைத் தட்டுவார். குக்கர் சத்தத்தில் எனக்குக் கேட்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திட்டக்கூட முடியாது, பாவம். அவர் வாயால் ஒரு திட்டு வாங்க மாட்டோமா என்றிருக்கும் எனக்கு.

உன்னையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கோபம் என்றால் வந்து திட்டிவிட்டுப் போ. வாயால் திட்டு.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். அதுதான்.

குரல்வளையில் ஓர் ஓரத்தில் நிற்கிறதாம், பரவவில்லையாம். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தால் குணமாக நிறைய வாய்ப்பு உண்டு, குரலும் தங்கலாம் என்கிறார்கள். சிகரெட்டை அங்கேயே குப்பையில் போடச் சொன்னார் டாக்டர். போட்டேன். வெளியே வந்ததும் கால் தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பியது. என் பொண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

இருபதாம் தேதி ஆரம்பம். வீட்டில் தைரியமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அக்கா, மாமா சிகிச்சைக்குக் கிளம்பின முதல் நாள் பயந்தாரா?

தம்பி

ஏப்ரல் 13

ராசா,

பயந்தார். கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் செருப்பை மாட்டினார்.

முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவேன். காலையில் அவசரப்பட்டு நீயாகச் சட்டை போட்டுக்கொள்ளாதே.

அக்கா