காகம் மறக்காத முகம்

என் அன்பான அக்காவுக்கு,

அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நான் தலையில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொத்தியது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டோடு இருக்கிற முன்பள்ளி முற்றத்து மாமரத்தில் இருந்த காகக் கூட்டைப் போன வருஷம் நான் தும்புத்தடியால் தட்டி விழுத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளைக் கொத்திவிடும் என்ற பயத்தில்தான் செய்தேன். மூன்று நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "காகம் முகத்தை மறக்காதடி. போய் மன்னிப்புக் கேள்" என்றீர்கள்.

"பாக்களவு தலைக்குள்ள மூளை வைக்க இடம் எங்க அக்கா?" என்று சிரித்தேன். அன்றிலிருந்து நம்மூர்ப் பாலையூற்றில் என் தலையை மட்டும் காகங்கள் தேடித் தேடிக் கொத்தின. நான் தலைக்கு வைக்கிற எண்ணெயை மாற்றிப் பார்த்தேன்.

இனி நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் படையல் வைத்த கதையைக் கேளுங்கள். வாழையிலையில் சோறு, கறிகள், உழுந்து வடை எல்லாம் படைத்து, மதிலில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். மீன் வாடையிலேயே வளர்ந்த திருகோணமலைக் காகங்கள், கூப்பிடாமலே குசினி அடுப்படி வரை வருகிற சாதி. அன்றைக்குக் கரண்ட் வயரில் வரிசையாக இருந்து என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டன.

ஒரு மணித்தியாலம் போனது. காகம் தொடாமல் யாரும் கை நனைக்க ஏலாது. சின்ன மாமாவின் வயிறு புறுபுறுத்தது முற்றம் முழுக்கக் கேட்டது. வேறு யாராவது வைத்துப் பார்க்கட்டும் என்றால், கூடப் பிறந்தவள் நான்தான் வைக்க வேண்டும் என்று மாமி விடவில்லை.

"மூத்தவளுக்கு உன்னில கோவமடி. என்ன செய்து வைச்சனி?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டா.

எனக்குச் சுட்டது அக்கா. காகத்திடம் விடுங்கள், உங்களிடமே நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் போய்விட்டீர்களா?

அப்போதுதான் உங்கள் வகுப்புப் பிள்ளை அபிஷா, ஐந்து வயது, தாயின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "சின்ன ரீச்சர், அது உங்கட முகத்தைப் பாத்துத்தான் வராமல் இருக்கு. கூடு கலைச்ச ஆளைக் காகம் மறக்காதாம். தன்ர குஞ்சுகளுக்கும் காட்டிக் குடுக்குமாம். பெரிய ரீச்சர் சொன்னவ."

சொன்னதோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மிருக வகுப்புக்கு நீங்கள் மட்டையில் வெட்டி வைத்த மான் முகமூடியை அலுமாரிக்குள் இருந்து எடுத்து வந்தாள். "இதைப் போடுங்கோ."

சேலையும் மான் கொம்புமாக நான் மதிலடியில் நின்றேன். "என்ன கூத்தடி இது" என்று மாமி தலையில் கை வைத்தா. நான் ஒரு "கா" தான் சொல்லியிருப்பேன். ஒரு காகம் இறங்கியது. தலையைச் சரித்து மானை மேலும் கீழும் பார்த்தது. பிறகு உங்களைப் போலவே சோற்றை விட்டுவிட்டு வடையைத் தூக்கியது.

"ஐயோ, அவளேதான்" என்று மாமி அழத் தொடங்கினா. சின்ன மாமா இலை போடச் சொன்னார்.

"காகம் போயிட்டுது, கழட்டுங்கோ" என்று அபிஷா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் கழற்றவில்லை. மானுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

உங்கள் வெள்ளிக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். உங்களிடம் படங்கள் இருந்தன. என்னிடம் காகமே இருக்கிறது. பிள்ளைகளை முற்றத்தில் இருத்திவிட்டு மாமரத்தடியில் நடந்து காட்டுவேன். டொக் என்று ஒரு கொத்து. "பாத்தீங்களா பிள்ளையள்? மூளை சின்னன், ஆனால் நினைப்புப் பெரிசு" என்பேன். எல்லோரும் கை தட்டுவார்கள். இன்னொருக்கா நடக்கச் சொல்லுவார்கள்.

போன கிழமை அபிஷா கேட்டாள்: "கெட்டதை மறக்காத காகம் நல்லதையும் மறக்காதுதானே?"

காகத்திடமே கேட்டுப் பார்ப்போம் என்றேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு விடியலும் வெறும் முகத்தோடு போய் மதிலில் ஒரு பிடி சோறு வைக்கிறேன். ஆறு நாளும் காகம் நான் வீட்டுக்குள் போகுமட்டும் காத்திருந்தது. இன்றைக்கு நான் பத்தடி தள்ளி நிற்கும்போதே வந்து தின்றது. தின்று முடித்துவிட்டுத்தான் கொத்தியது. முன்னேற்றம்தானே?

வருஷம் முடிய வருகிற உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு முகமூடி இல்லாமல் வைப்பேன் அக்கா, இது சத்தியம். காகம் வந்தால் நீங்களும் மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். அதுவரை மான் முகமூடியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வடை மட்டும் கூடச் சுடுவேன்.

மன்னிப்புக் கேட்கப் பிந்திய,
உங்கள் ஒரே தங்கச்சி