வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று

இன்று காலை என் விரல்களில் உங்கள் தையல் கடை வாசனை அடிக்கிறது, அக்கா. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். அதற்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள், டப்பாவில் சைக்கிள் படமெல்லாம் போட்டு. நான் விட்டது உங்கள் தையல் மிஷின் எண்ணெய். "ஓடற சாமானுக்கெல்லாம் ஒரே எண்ணெதாம்மா" என்று நீங்கள் சொன்னது சரியோ தப்போ, செயின் சத்தமில்லாமல் ஓடுகிறது. உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் நீங்கள் காது கொடுப்பீர்கள்.

அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே செவிலிமேட்டு வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தால், தண்ணீர் மோட்டாருக்காவது சண்டை வரவேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும். நமக்கும் சண்டை வந்தது. ஆனால் அந்தமானில் இருக்கிற ஒரு சின்னத் தீவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதற்காகச் சண்டை போட்ட ஓரகத்திகள் காஞ்சிபுரத்திலேயே நாம் இருவர்தான்.

எல்லாம் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் ஆரம்பித்தது. உங்கள் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "நடக்கறதா? யாரு? திருப்புட்குழியிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போனவம்மா நானு!" என்று அவரிடமே சொன்னீர்கள். அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு சைக்கிள் வந்தது. நீங்கள் மட்டும் ஓட்டினால் தெருவில் சிரிப்பார்கள் என்று எனக்கும் ஒன்று வந்தது. அப்புறம் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

கல்யாணப் பட்டுக்கு பிளவுஸ் அளவு கொடுக்க வந்த ஒரு பெண், தன் போனில் அந்தத் தீவைக் காட்டினாள். தென்னை, கடல், ஈ காக்கை இல்லாத ரோடு, வாடகைக்குச் சைக்கிள். நீங்கள் அவள் கை அளவை எடுக்க மறந்துபோனீர்கள். அன்றைக்கு மாடிக்கு வந்து, "இந்த ரோட்டுல ஒரு நாளு ஓட்டணும்மா. ஓட்டிட்டா போதும்" என்றீர்கள். உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியபோதுகூட அந்தக் குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

போனில் மேப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று லைனிங் துணியில் சாக்பீஸால் தீவை வரைந்தீர்கள். சுற்றி வருகிற ரோட்டைச் சிவப்பு நூலால் மிஷினில் அடித்தீர்கள். பாதி வழிக்கு அடையாளமாக ஒரு பிரஸ் பட்டன், ஏற்றம் வருகிற இடத்தில் பிளவுஸ் கொக்கி. அங்கே சூரியன் சீக்கிரம் உதிக்கும், சாயங்காலம் சட்டென்று இருட்டிவிடும், அதனால் விடியும்போதே கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். தண்ணீர் பாட்டில், தொப்பி, வாடகைச் சைக்கிளில் பிரேக் பார்ப்பது எல்லாம் பேசியாயிற்று. திசையில்தான் வந்தது வம்பு.

எனக்கு இடமாகச் சுற்ற வேண்டும். இடப்பக்கம் ஓட்டுகிற ஊரில் இடமாகச் சுற்றினால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கமே வரும். எதிரே வருகிற வண்டியைக் கடக்கவே வேண்டாம். கடலோரத்தில் காற்றும் முதுகில் தள்ளும், ஏற்றமும் மெதுவாக வரும் என்று நெட்டில் யாரோ எழுதியிருந்தார்கள். இதெல்லாம் நான் சொன்ன காரணம். சொல்லாத காரணம் மூங்கில் மண்டபம். அந்தச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது பஸ்ஸைப் பார்த்துப் பதறி, நடு ரோட்டில் பூக்கூடையோடு விழுந்தவள் நான். அதற்குப் பிறகு வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டுவேன்.

"சாமிய எங்கியாவது இடமா சுத்தி பாத்திருக்கிறியா நீ?"

"தீவுல சாமி எங்கக்கா இருக்குது?"

"சுத்தறதுன்னு வந்துட்டா வலமாத்தாம்மா. நீ இன்னா பஸ்ஸுக்கு பயந்துக்கினு இருக்கிற? கைய நல்லா நீட்டு, நின்னுடுவான்."

ஒத்திகை பார்க்கக் காமாட்சியம்மன் கோயில் ராஜ வீதிகளுக்குப் போனோம். அங்கேயும் தீரவில்லை. நீங்கள் வலமாகக் கிளம்பினீர்கள், நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இடமாகக் கிளம்பினேன். மேற்கு ராஜ வீதியில் எதிரும் புதிருமாக வந்து மணி அடித்துக்கொண்டோம். புறப்பட்ட இடத்துக்கு வந்தால் மறுபடி மணி. நாலு சுற்று இப்படிப் போனதும் பூக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, ஓரகத்திங்களுக்குள்ள பேச்சு வார்த்த இல்லியா? ஆளுக்கொரு பக்கமா போய்க்கினு இருக்கிறீங்க?" என்றார். நீங்கள் ஒரு காலை ஊன்றி நின்று சிரித்த சிரிப்பில் சைக்கிளே சாய்ந்தது. அப்போதுதான் சொன்னீர்கள்: "தீவுலயும் இப்டியே போலாம்மா. நீ உன் பக்கம், நான் என் பக்கம். நடுவுல பாத்துக்கலாம்."

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மத்தியானம், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். நான் லேபிலிருந்து ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு நரம்பு பிடித்து ரத்தம் எடுத்த கை எனக்கு. உங்கள் கையில் நாடியே கிடைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

சைக்கிள் இரண்டும் மாடிப்படிக்குக் கீழே நின்றன. தீவுப் பேச்சு எடுத்தால் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் வீட்டுக்காரர், மாமா மட்டும் ஒரு நாள் உங்கள் மிஷின் டிராயரைத் திறந்து, அந்த லைனிங் துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். "அவளுக்கு பாதியில நிக்கற தையலு புடிக்காது" என்றார்.

போனேன் அக்கா. உங்கள் கொழுந்தனும் வந்தார். கப்பலில் வாந்தி எடுத்தது அவர், நான் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

விடியலில் கப்பல் துறைக்குப் பக்கத்து டீக்கடையில் அவரை உட்கார வைத்துவிட்டு, இடமாகவே கிளம்பினேன். நான் போட்ட திட்டம் எதுவும் பொய்க்கவில்லை. திருப்பமெல்லாம் இடப்பக்கம், காற்று முதுகில், உங்கள் கொக்கி இருந்த இடத்து ஏற்றத்தைக்கூட உட்கார்ந்தபடியே மிதித்துவிட்டேன். வெண்ணெய் மாதிரி ஒரு சுற்று. நடுவில் பிரஸ் பட்டன் இருந்த இடம் வந்தது. நின்றேன். எதிரே ரோடு நீளமாகக் கிடந்தது, யாரும் வரவில்லை. வரமாட்டீர்கள் என்று தெரியாதா எனக்கு? தெரிந்தும் நின்றேன். அழுதேன்.

துறைக்குத் திரும்பியதும் உங்கள் கொழுந்தன் எழுந்து நின்று கை தட்டினார். டீக்கடை அம்மா கடலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர். ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு நீட்டினார். நான் இறங்கவில்லை. சுற்று முடியாத மாதிரி இருந்தது. பாதிதான் ஓட்டியிருக்கிறேன், உங்கள் பாதி பாக்கி. சைக்கிளைத் திருப்பினேன்.

"மறுபடியுமா? இந்தப் பக்கமா போனா காத்து மூஞ்சில அடிக்குமே!" என்றார் அந்த அம்மா.

"அடிக்கட்டும்மா" என்றேன்.

முதல் திருப்பமே வலப்பக்கம். கப்பலுக்கு ஆள் ஏற்றி வந்த வேன் ஒன்று எதிரே வந்தது. கால் தானாகத் தரையைத் தேடியது. அக்கா, நான் காலை மிதியிலேயே வைத்து, வலது கையை நீட்டினேன், தோளிலிருந்து விரல் வரை நேராக. வேன் நின்றது. டிரைவர் பாவம், நான் ஏதோ வழி கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் திரும்பினேன். அடுத்த திருப்பம், அதற்கடுத்தது, ஒன்றிலும் இறங்கவில்லை. காற்று என்னைப் படாத பாடு படுத்தியது. இந்தப் பக்கத்திலிருந்து ஏற்றம் செங்குத்து. எழுந்து நின்று மிதித்தேன், ஐம்பது வயதில், சுடிதாரில், உங்களைத் திட்டிக்கொண்டே.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். வலமாகச் சுற்றினால் நாம் ஓட்டுகிற ஓரத்திலேயே கடல் வருகிறது. என் சுற்றில் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. உங்கள் சுற்றில் கையை நீட்டினால் தொடலாம் போல அலை. இது தெரிந்தா பிடிவாதம் பிடித்தீர்கள்? நிச்சயமாக இல்லை. சாமிக்காகச் சொன்னீர்கள், கடல் கிடைத்தது. இந்தச் சண்டையில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். இதோ எழுத்தில் கொடுத்துவிட்டேன், போதுமா?

பட்டன் இருந்த இடத்தில் இந்தத் தடவை நான் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றாளே ஒருத்தி, அவளைப் பார்த்து மணி அடித்துவிட்டுப் போனேன். துறைக்கு வந்தபோது கால் வெடவெடவென்று ஆடியது, வாய் காதுவரை இருந்தது. "இப்பதான் முடிஞ்சுது" என்று உங்கள் கொழுந்தனிடம் சொல்லி, ஆறின டீயைக் குடித்தேன்.

அந்தத் துணியை மாமா மறுபடி டிராயரில் வைக்கவில்லை. உங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார். பிளவுஸ் தைக்க வருகிறவர்களுக்கு உங்கள் பெண் அதைக் காட்டி, "எங்கம்மாவும் சித்தியும் ஓட்டினது" என்கிறாள். நான் திருத்துவதில்லை.

இன்று காலை எண்ணெய் விட்ட கையோடு லேபுக்குக் கிளம்பினேன். மூங்கில் மண்டபம். வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிரே டவுன் பஸ், ஆபீஸ் நேரத்து ஆத்திரத்தோடு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கையை நீட்டினேன். விரலில் உங்கள் எண்ணெய் வாசனை.

நின்னுடுச்சு அக்கா. அவ்ளோ பெரிய பஸ்ஸு, நின்னுடுச்சு.