கூடையை ஒளித்த மறுநாள்

அன்பு மச்சானுக்கு,

அம்மாவுக்கு வேலை நின்றுபோனதே நினைவில்லை. விடியலில் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களின் பேர் பதியும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் கொழுந்துக்கூடையோடு கிளம்பிவிடுகிறாள். அப்பாவால் தடுக்க முடியவில்லை. மழையில் வழுக்கி விழுவாளென்று நேற்று நான் கூடையை ஒளித்துவைத்தேன். வெறுங்கையோடு போய் நின்று, "எம் பேர வெட்டிட்டாங்க, லயத்து வீட்ட விட்டுத் தொரத்திருவாங்க" என்று அழுதிருக்கிறாள். நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

இன்று நானே கூடையை மாட்டிவிட்டுக் கூடப் போனேன். கங்காணி, "பேரு போட்டாச்சு ஆத்தா, இன்னைக்கு லீவு" என்றார். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

எப்போது தலவாக்கலை வீட்டுக்குத் திரும்பி வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் தலைவாரிவிடும்போது அம்மாவும் கேட்டாள்:

"நீ யாரு வீட்டுப் புள்ள? ஒங்கம்மா தேட மாட்டாளா?"

"தேட மாட்டாங்க."

"அப்ப இங்கயே இருந்துக்க."

சரியென்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மனைவி