பெல்ட்டை நிறுத்தும் கயிறு

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அப்பா,

சுப்புராயன் நாளை ரிட்டையராகிறார். பாகிஸ்தான் சண்டையின்போது சுரங்கத்தில் உங்கள் ஷிப்டுக்கு போர்மேனாக இருந்த அதே ஆள்தான். இப்போது பெரிய அதிகாரி. யுத்த காலத்தில் கரி சுமந்து ஓடும் பெல்ட்டை ஒரு நிமிடம்கூட நிற்கவிடாமல் அனல் மின் நிலையத்துக்குக் கரி அனுப்பியவர் என்று வாழ்த்து மடல் தயாராகியிருக்கிறது. உங்கள் சாவுக்காகக் கிடைத்த வேலையில் உட்கார்ந்து அதை டைப் அடித்தவள் நான்தான்.

பெல்ட் எப்படி நிற்காமல் ஓடியது என்று அந்த மடலில் இல்லை. ஆபத்து என்றால் இழுத்து நிறுத்துவதற்கு பெல்ட் ஓரமாகவே ஒரு கயிறு போகுமே, அதை ஆட்கள் சும்மா சும்மா இழுக்கிறார்கள் என்று தூணோடு இறுக்கிக் கட்டச் சொன்னார் சுப்புராயன். கட்டியது நீங்கள். ஏன் அப்பா கட்டினீர்கள்? நாட்டுக்காக என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டதா?

மூன்றாம் நாள், பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வழிக்கப் போன உங்கள் சட்டையை உருளை பிடித்து இழுத்தது. கயிற்றை இழுக்காதது இறந்தவரின் கவனக்குறைவு என்று அவர் எழுதிக் கொடுத்தார். பத்து வருடம் நானும் அதை நம்பி உங்களைத்தான் திட்டினேன்.

போன மாதம் உங்கள் கூட்டாளி கோவிந்தன் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தார். மஞ்சள் பையில் அந்தக் கயிற்றுத் துண்டு. உங்களை வெளியே எடுத்தபோது அறுத்து ஒளித்து வைத்தாராம்.

"அண்ணன் இழுத்துகினே இருந்தாரும்மா. கயிறு அசையல. எனக்கு அப்ப பர்மனென்ட் ஆவல, வாயத் தொறக்காம இருந்துட்டேன்" என்றார். கட்டச் சொன்னது சுப்புராயன் என்பதையும் அவர்தான் சொன்னார். நீங்கள் போட்ட முடிச்சு இன்னும் அதில் அப்படியே இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். "விட்டுடு பாப்பா, போறவர் போகட்டும்" என்றாள். விட மாட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டாலும் எனக்குப் போதாது. அந்த முகம் கறுப்பதை நான் பார்க்க வேண்டும்.

விழாவில் அவருக்கு மாலை போட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். யுத்தத்தில் உயிர் கொடுத்த தொழிலாளியின் மகளாம், அவரே கேட்டாராம். மாலையை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோவிந்தன் முன்வரிசையில் இருப்பார். நடந்ததை மைக்கில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் பார்க்க அந்தக் கயிற்றை அவர் கழுத்தில் போடுவேன் அப்பா. முடிச்சை நான் அவிழ்க்க மாட்டேன். கட்டச் சொன்னவர் அவிழ்க்கட்டும்.

உங்களைத் தப்பாக நினைத்த, இனி நினைக்காத மூத்த மகள்,
செல்வி